விளக்கின் அடியில் யார் பெயர்?

கார்த்திகை நெருங்கினால் விருத்தாசலத்துக்கு மவுசு வந்துவிடும். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு வந்து இறங்குவார்கள். வரிசையாக அடுக்கிய பீங்கான் அகல் விளக்குகளைப் படம் பிடிப்பார்கள். 'தயாரிப்புப் பணி மும்முரம்' என்று கீழே ஒரு வரி போடுவார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு பெண் குனிந்து தூரிகை பிடித்திருப்பார். முகம் பாதிதான் தெரியும். பெயர் இருக்காது. தை பிறந்தால் அந்தப் பெண்ணையும் மறந்துவிடுவார்கள், ஊரையும் மறந்துவிடுவார்கள்.

இந்த இதழின் தலையங்கம் அந்தப் பெண்ணைப் பற்றியது. 'வழக்கு இருக்கு, போராட்டம் இருக்கு, தேர்தல் இருக்கு, சட்டி பானையைப் பத்தி என்னய்யா தலையங்கம்?' என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நம் பதில் இதுதான்: சாதி சாஸ்திரத்தில் மட்டும் இல்லை. அது சட்டியில், பானையில், குவளையில் குடியிருக்கிறது. கோயில் வாசலில் நம்மை நிறுத்துவதற்கு முன்னாலேயே டீக்கடை பெஞ்சில் நிறுத்திவிட்டான். எந்தப் பாத்திரத்தில் யார் குடிப்பது என்பதை முடிவு செய்வதுதான் தீண்டாமையின் அன்றாட வேலை.

மனுவைப் புரட்டிப் பாருங்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் பாத்திரங்களைச் சுத்தம் செய்வதற்குப் பெரிய பட்டியலே இருக்கிறது. உலோகத்தைத் துலக்கிக்கொள்ளலாம். மண் பாத்திரத்தை மறுபடி நெருப்பில் சுட வேண்டும். எச்சிலும் ரத்தமும் பட்ட மண் பாத்திரம் சுட்டாலும் சுத்தமாகாது. பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளர்கள் பற்றிய கட்டளை வருகிறது. அவர்கள் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், உடைந்த பாத்திரத்தில்தான் சாப்பிட வேண்டும், அவர்கள் புழங்கிய பாத்திரம் பிறருக்கு ஆகாது. அதாவது மனிதனையே 'பாத்திரத்துக்கு ஆகாதவன்' என்று வகை பிரித்திருக்கிறார்கள். பாத்திரம் உறிஞ்சும், ஆகவே தீட்டை உறிஞ்சும் என்பது அவர்களுடைய விஞ்ஞானம்.

பேஷ்வாக்கள் ஆண்ட புனாவில் தீண்டப்படாதவர் கழுத்தில் மண் சட்டி கட்டித் தொங்கவிட்டார்கள். எச்சில் தரையில் விழக்கூடாதாம். அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதை எழுதி வைத்தார். மண் சட்டிக்கு இந்த நாட்டில் இப்படியும் ஒரு வரலாறு உண்டு. கைவினை மேன்மை பற்றிப் பேச வருகிற பண்பாட்டுக் காவலர்கள் இந்தச் சட்டியை மட்டும் கண்காட்சியில் வைப்பதில்லை.

'அதெல்லாம் அந்தக் காலம் சார்' என்பார்கள். 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பொது உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று பாத்திரத்தைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். விசாரிக்கப்போன மாவட்ட நிர்வாகம் பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டது. அறுபத்தேழு வருஷச் சட்டம் ஒரு டீக்கடை பெஞ்சைத் தாண்டவில்லை. பல ஊர்களில் இப்போது இன்னும் சாமர்த்தியம். அவனுக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குக் குடித்துவிட்டுக் கசக்கிப் போடும் கப். கேட்டால் 'சுகாதாரம்' என்கிறான். 2004இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது ரயில் நிலையங்களில் மண் குவளை கொண்டுவந்தார். குயவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்ற அந்த எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் ஒருமுறை குடித்துவிட்டு உடைத்துப் போடும் பழக்கத்துக்குள்ளே, 'எவன் வாய் பட்டதோ' என்கிற பழைய பயமும் ஒளிந்திருக்கிறது. அதை நாம் மறக்க முடியாது.

*

இனிப் பீங்கானுக்கு வருவோம். பீங்கானின் அடையாளமே வெள்ளைதான். அந்த வெள்ளைக்கு உலகம் முழுக்க ஒரு வரலாறு இருக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் இன்றைய இராக்கின் பாஸ்ரா பகுதிக்குச் சீனத்திலிருந்து வெள்ளைப் பாத்திரங்கள் கப்பலில் வந்து இறங்கின. அங்கிருந்த குயவர்களுக்கு அந்த வெள்ளைக் களிமண் கிடைக்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது மஞ்சள் பாய்ந்த மண். என்ன செய்தார்கள்? மேலே ஊற்றும் கண்ணாடிப் பூச்சில் (பட்டறையில் 'கிளேஸ்' என்கிறோம்) வெள்ளீயத்தைச் சுட்டு எடுத்த தூளைக் கலந்தார்கள். தெளிவாக இருந்த கிளேஸ் பால்போல் ஆனது. அடியில் இருக்கும் மண்ணின் நிறம் மறைந்துபோனது. அந்த வெள்ளையின்மேல் நீலத்தில் எழுதினார்கள். இந்த வித்தை வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயினுக்குப் போனது. இத்தாலியில் 'மயோலிக்கா' ஆனது. ஃபயன்சா என்ற ஊரின் பெயரால் பிரான்சில் 'ஃபயான்ஸ்' ஆனது. ஹாலந்தில் 'டெல்ஃப்ட்' ஆனது. 1710இல் ஜெர்மனியின் மெய்சனில் அசல் பீங்கான் ஆலை வரும்வரை ஐரோப்பியப் பணக்காரன் மேசையில் கோலோச்சியது இந்த வெள்ளீயப் பூச்சுதான்.

செய்முறை எளிது, கைவரிசைதான் கஷ்டம். முதலில் மண் பாண்டத்தைச் சுட்டு எடுக்க வேண்டும். சுட்டது தண்ணீரை உறிஞ்சும் பதத்தில் இருக்கும். அதைக் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தால் மேலே மாவுபோல ஒரு படலம் நிற்கும். அந்த மாவின்மேல்தான் தூரிகை வைக்க வேண்டும். மை ஒற்றும் தாளில் எழுதுகிற மாதிரி வண்ணம் உடனே இறங்கிவிடும். வைத்த கோடு வைத்ததுதான். அழிக்க முடியாது, திருத்த முடியாது, துடைத்தால் அடிப்பூச்சும் சேர்ந்து போய்விடும். கோபால்ட் ஆக்சைடு நீலம் தரும். தாமிரம் பச்சை, மாங்கனீசு ஊதாவும் பழுப்பும், ஆன்டிமனி மஞ்சள். எழுதும்போது இந்த நிறம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எதிர்காலத்து நிறத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் கை ஓட வேண்டும். இரண்டாம் முறை சூளைக்குள் போகும்போது, ஏறக்குறைய 1000 டிகிரிச் சூட்டில், மாவு உருகிக் கண்ணாடியாகிறது. எழுதியது அதற்குள்ளே இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. நகத்தால் சுரண்டினாலும் போகாது.

இவ்வளவு அழகான வித்தையைச் சுற்றி ஐரோப்பியன் என்ன வேலி கட்டினான் பாருங்கள். ஸ்பானியர்கள் இதை மெக்சிகோவின் புவெப்லா நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1653இல் அங்கே குயவர் சங்கம் விதிகள் எழுதியது. கறுப்பரோ கலப்பினத்தவரோ தலைமைக் குயவருக்கான தேர்வுக்கே வரக்கூடாது என்று அதில் ஒரு விதி. மண் மிதிக்கக் கறுத்த கால் வேண்டும், சூளைக்கு விறகு போடக் கறுத்த கை வேண்டும். அடியில் முத்திரை வைக்க மட்டும் கூடாது. 2019இல் யுனெஸ்கோ இந்த 'தலவேரா' கைவினையை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வம் என்று அறிவித்தது. மானுடம் என்றால் யார் யார் என்று 1653இல் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

டெல்ஃப்டும் நமக்கு அந்நியமல்ல. அந்த நீலத் தட்டுகள் செய்த நாட்டின் கம்பெனிதான் நம் பறங்கிப்பேட்டையிலும் தேவனாம்பட்டினத்திலும் கிடங்கு வைத்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கி பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. பஞ்சத்தில் முதலில் விற்கப்படுகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று நாம் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

*

விருத்தாசலத்தின் வெள்ளை வேறு வகை. இங்கே மறைக்க வேண்டிய அவசியமில்லை, மண்ணே வெள்ளை. நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது, சுரங்கம், மின் நிலையம், உரத் தொழிற்சாலையோடு களிமண் சுத்திகரிப்பு ஆலையும் திட்டத்தில் இருந்தது. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் வெள்ளைக்களி இருந்ததுதான் காரணம். பக்கத்தில் மண், பக்கத்தில் ரயில் சந்திப்பு. தொழிற்பேட்டை வந்தது, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பயிலகம் வந்தது. பியூஸ் கட்டை, இன்சுலேட்டர், பொம்மை, ஜாடி, அகல் என்று ஊர் பிழைத்தது.

வெள்ளைக்களி, பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் தண்ணீரோடு உருளையில் போட்டு அரைக்கிறார்கள். கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துவிடும், ஓரத்தில் மண் தோல்போலப் பிடிக்கும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதும் எடுத்தால் உருவம் வரும். அச்சின் மூட்டுக்கோட்டைப் பிளேடால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, சுட்டு, கிளேஸில் முக்கி, மறுபடி சுடுகிறார்கள். கிளேஸை வெள்ளையாக்க வெள்ளீயத்தின் விலை கட்டுப்படியாகாததால் இன்று பெரும்பாலான இடங்களில் சிர்க்கான் தூள்தான். அது நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலேயே கிடைக்கிறது.

சுரண்டுவது, துடைப்பது, வண்ணம் வைப்பது எல்லாம் பெண்கள். சிறு பட்டறைகளில் பெரும்பாலும் உருப்படிக் கூலி. சுற்றியிருக்கும் காலனிகளிலிருந்து வருகிறவர்கள் கணிசம். நாம் போயிருந்தபோது ஒரு அக்கா விளக்கின் விளிம்பில் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பேச்சு கொடுத்துக்கொண்டே வைக்கிறார், ஒரு புள்ளி தவறவில்லை. 'அடியில உங்க பேர எழுதினா என்னக்கா?' என்று கேட்டோம். சிரித்துவிட்டார்.

'பேரா? மொதலாளி ஸ்டிக்கர் ஒட்டுவாரு தம்பி. அதுல போன் நம்பர் இருக்கும். எங்க பேர எங்க ஒட்டுறது?'

'கார்த்திகைக்கு வீட்டுல இதத்தான் ஏத்துவீங்களா?'

'ஐய, இது வெலைக்குக் கட்டுமா? நாங்க மண்ணு அகல்தான்.'

கொலு பொம்மையும் இந்தக் கைகள்தான் செய்கின்றன. சரஸ்வதிக்குக் கண் திறக்கிறார்கள், லட்சுமிக்குப் பொட்டு வைக்கிறார்கள். அந்தப் பொம்மை பட்டணத்தில் ஒன்பது படிமேல் ஏறி உட்காரும்போது, கண் திறந்தவரை எந்த வீட்டுக்காரம்மா வெற்றிலைபாக்கு வைத்து அழைத்தார்? பொம்மை உள்ளே போகலாம், பொம்மை செய்தவள் போகக்கூடாது. மனு சொன்ன உறிஞ்சும் தன்மை இங்கே மட்டும் எப்படிக் காணாமல் போகிறது? தலித் பெண்ணின் கை பட்ட தீட்டை கிளேஸ் மூடிவிடுகிறதோ? உழைப்பை உறிஞ்சும்போது தீட்டு இல்லை, மனுஷியாக வந்து நிற்கும்போதுதான் தீட்டு. பார்ப்பனியத்தின் வசதி அது.

விருத்தாசலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் முருகேசனையும் கண்ணகியையும் நஞ்சூற்றிக் கொன்று எரித்தார்கள். அவர் தலித், அவர் மனைவி வன்னியர், இது ஒன்றுதான் குற்றம். 18 ஆண்டுகள் கழித்து 2021இல் தீர்ப்பு வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. மின்சாரம் பாயாமல் தடுக்கும் இன்சுலேட்டரைச் செய்யும் ஊர் இது. மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே அன்பு பாயாமல் தடுக்கும் இன்சுலேட்டரை இந்த நாடு எப்போதோ செய்து மாட்டிவிட்டது.

*

வெள்ளைப் பூச்சு என்பது பீங்கானுக்கு மட்டும் நடந்ததல்ல. இந்த ஊரின் பழைய பெயர் முதுகுன்றம். பழமலை என்றும் சொன்னார்கள். எவனோ அதை விருத்தாசலம் என்று வடமொழியில் முக்கி எடுத்தான். அர்த்தம் அதேதான், நிறம்தான் மாறியது. சமூகவியல்காரர்கள் இதைச் சமஸ்கிருதமயமாதல் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். பட்டறை மொழியில் சொன்னால், அடி மண்ணின் நிறம் தெரியாமல் கிளேஸ் அடிப்பது.

பெரியபுராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சிதம்பரத்தில் இரண்டு அடியார்கள். ஒருவர் திருநீலகண்டர், குயவர். அவர் குளத்தில் மூழ்கி இளமையோடு எழுகிறார். இன்னொருவர் ஆதனூர் நந்தன், புலையர். அவருக்குக் குளம் இல்லை, நெருப்பு. நெருப்பில் இறங்கி, பூணூலும் சடைமுடியுமாக முனிவர் கோலத்தில் எழுந்தால்தான் கோயிலுக்குள் அனுமதி. மண் பாத்திரத்தைச் சுட்டால் சுத்தமாகும் என்ற மனுவின் விதியை ஒரு மனிதன்மேல் நடத்திக் காட்டிய கதை இது. சூளையிலிருந்து வெளியே வந்தது நந்தனா? நந்தன்மேல் ஏற்றிய பூச்சா? அந்த நெருப்புக்குள் எரிந்துபோனது யாருடைய சேரி, யாருடைய பறை என்று நம் ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேளார் சமூகத்துக் குயவர்கள் நமக்கு எதிரிகள் அல்லர். அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்து அவர்கள் சக்கரத்தை நிறுத்திவிட்டன. அய்யனாருக்குக் குதிரை செய்த கை இன்று கட்டட வேலைக்குப் போகிறது. அண்ணல் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு என்பதே இதுதான். குளத்தில் மூழ்கியவரையும் நெருப்பில் இறங்கியவரையும் ஒருவரோடொருவர் பேசவிடாமல் வைத்திருப்பதில்தான் மேலே இருப்பவனின் பிழைப்பு இருக்கிறது.

பீங்கானோடு நமக்கு வேறொரு உறவும் உண்டு. துரைமார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பீங்கான் தட்டு வைத்ததும் எடுத்ததும் கழுவியதும் பெரும்பாலும் நம் முன்னோர்கள். மற்றவர்கள் அந்த அடுப்படிக்குள் நுழைந்தாலே சாதி போய்விடும் என்று பயந்தார்கள். பண்டிதர் அயோத்திதாசர் பதிவுசெய்தபடி, அவருடைய பாட்டனார் கந்தப்பன் துரை வீட்டில் பட்லர். எல்லிஸ் துரையின் கைக்குத் திருக்குறள் ஏடு போனது அவர் மூலமாகத்தான். பீங்கான் துடைத்த கையில்தான் குறள் இருந்தது. இதைத் தமிழ்ப் பண்பாட்டு வரலாறு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

*

இதுவரை சொன்னதில் பாதி உவமை. கவிதை எழுதுகிறவனுக்கு உவமை சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். ஆனால் பட்டறையில் பறக்கும் தூசி உவமை இல்லை.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. காய்ந்த உருப்படியைச் சுரண்டும்போதும் தரையைப் பெருக்கும்போதும் மூட்டையைக் கொட்டும்போதும் பறக்கிற தூசியில், கண்ணுக்குத் தெரியாத பொடிதான் ஆபத்து. மூக்கு மயிரில் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்து தழும்பாக்குகிறது. பெயர் சிலிக்கோசிஸ். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். வேலையை விட்ட பிறகும் வளரும். குணமாக்கும் மருந்து கிடையாது. காசநோய் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். ஊர் ஆஸ்பத்திரியில் 'டிபி' என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டால் தொழில்நோய் என்ற கணக்கில் அது வராமலே போய்விடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதை அறிவிக்கவேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் எழுதி வைத்தது. இழப்பீட்டுச் சட்டத்திலும் இடமுண்டு. ஆனால் வருகைப் பதிவேட்டிலேயே பெயரில்லாத உருப்படிக் கூலிக்காரி, எந்தத் தூசியை எந்த வருஷம் எந்தப் பட்டறையில் குடித்தாள் என்று எப்படி நிரூபிப்பாள்? பெயர் கேட்பது அழகியல் ஆசை இல்லை தோழர்களே. பெயர் இல்லை என்றால் இழப்பீடும் இல்லை.

'மூக்குல துணியக் கட்டிக்கிட்டா மூச்சு முட்டுது. கட்டாட்டி இருமுது' என்றார் அந்த அக்கா. துணி இந்தத் தூசியைத் தடுக்காது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஈரமாக வைத்தே சுரண்டுவது, துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி, தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறி, பொடித் தூசிக்கென்றே செய்த முகக்கவசம். இவை ராக்கெட் விஞ்ஞானமா? வெள்ளீயப் பூச்சின் வரலாற்றிலும் இதே கதைதான். பழைய கிளேஸில் வெள்ளீயத்தோடு காரீயமும் இருந்தது. தட்டின் பளபளப்பு எஜமானுக்கு, ஈயத்தின் நஞ்சு முக்கியெடுத்தவன் ரத்தத்துக்கு. இன்றைக்கும் மலிவு வண்ணங்களில் காரீயம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது யார் வேலை?

*

இதை எழுதுகிறவன் வங்கியில் குமாஸ்தா. கடன் விண்ணப்பம் என் மேசையைத் தாண்டித்தான் மேலே போகிறது. ஆகவே இதைச் சொல்லும் கடமை இருக்கிறது.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 'விஸ்வகர்மா' திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்கள், குயவர் தொழிலும் அதில் ஒன்று. 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம். ஆனால் குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்றது. 1953இல் ராஜாஜி பள்ளிக்கூடத்து வாசலில் வைத்த குலத்தொழிலை இவர்கள் வங்கி வாசலில் வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இந்த வடிவத்தில் ஏற்கமாட்டோம் என்றது. சரியான முடிவு. பதிலுக்குக் 'கலைஞர் கைவினைத் திட்டம்' வந்தது. 25 தொழில்கள், 3 லட்சம்வரை கடன், 25 சதவீத மானியம், மானிய வரம்பு 50,000 ரூபாய். குலம் கேட்கவில்லை. வரவேற்கிறோம்.

ஆனால் குலம் கேட்காவிட்டாலும் கிளைமேலாளர் சிலது கேட்பார். 'பட்டறை சொந்தமா? சூளை இருக்கா? யார் ஜாமீன்?' பதினைந்து வருஷம் வண்ணம் வைத்த கை அந்த அக்காவிடம் இருக்கிறது. சூளை முதலாளியிடம் இருக்கிறது. பீங்கான் தொழிலில் சூளை வைத்திருப்பவன்தான் எஜமான். தனித்தனியாக 3 லட்சம் கொடுத்து ஆளுக்கொரு சூளை கட்டச் சொல்வது நடக்காத காரியம். நான் பார்த்த ஒரு கிளையில் தாட்கோ விண்ணப்பங்கள் ஒரு தனி அட்டையில் கட்டி அலமாரியின் அடித்தட்டில் கிடந்தன. மானியம் வரட்டும் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை. வராக்கடன் என்ற சொல்லை நம் மக்களைப் பார்த்ததும் எடுப்பவர்கள், கோடிகளில் தள்ளுபடி ஆகும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஊர்க் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. சுந்தரர் இங்கே சிவனிடம் 12,000 பொன் வாங்கி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டாராம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழியோடு இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். சாமிக்கு வேண்டியவருக்குப் போட்டது கிடைத்துவிடுகிறது. நம் பெண்கள் நாற்பது வருஷமாக உழைப்பை இந்த ஆற்றில் போடுகிறார்கள். அது பட்டணத்துக் கடைகளின் கல்லாவில் பொன்னாக எழுகிறது. போட்டவளுக்கு மட்டும் கிடைப்பதில்லை.

பக்கத்துப் புதுச்சேரியில் 1971இல் அமெரிக்கர் இருவர் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி பல கலைஞர்களை உருவாக்கியது. அங்கிருந்து வந்தவர்களின் ஜாடிகள் இன்று கலைக்கூடங்களில் கையெழுத்தோடு நிற்கின்றன. அதில் நமக்குப் பொறாமை இல்லை. நம் கேள்வி ஒன்றுதான். அதே மண், அதே நெருப்பு. ஒரு கை 'கலைஞர்' ஆகிறது, இன்னொரு கை 'லேபர்' ஆகிறது. நடுவில் இருப்பது திறமையா, சாதியா, மூலதனமா?

*

கீழடியில் கிடைத்த பானையோடுகளில் தமிழியில் பெயர் கீறியிருக்கிறார்கள். ஆதன், குவிரன் ஆதன் என்று 2019இல் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை பட்டியலிடுகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சாதாரண மனிதர் தன் பானையில் தன் பெயரைத் தானே கீறிக்கொண்டார். அந்தப் பெருமையை மேடைக்கு மேடை பேசுகிறோம். இன்றைக்கு விளக்கின் அடியைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. தமிழர் பெருமை பேசுகிறவர்கள் அந்த ஸ்டிக்கரையும் கொஞ்சம் படிக்க வேண்டும்.

நாம் கேட்பது இவை:

பீங்கான் பட்டறைகளில் வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரே, அரசு செலவில். சிலிக்கோசிஸைச் சிலிக்கோசிஸ் என்றே எழுதும் மருத்துவர் வேண்டும்.

பெண் தொழிலாளர்களின் கூட்டுறவுக்குப் பொதுச் சூளை வேண்டும். தாட்கோ அதற்குத் தனிநபர் ஜாமீன் கேட்கக்கூடாது.

பீங்கான் பயிலகத்தில் காலனிப் பெண் பிள்ளைகள் சேர்க்கப்பட வேண்டும். மண் சுமக்க மட்டும் அல்ல, கிளேஸின் வேதியியலும் வடிவமைப்பும் படிக்க.

விளக்கின் அடியில், சூளைக்குப் போவதற்கு முன்பே, செய்தவர் பெயர் எழுதப்பட வேண்டும். ஸ்டிக்கரைப் பிய்த்துவிடலாம். நெருப்புக்குள் போய் வந்த எழுத்தைப் பிய்க்க முடியாது.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் கூட்டங்களில் பேப்பர் கப்பை நிறுத்துவோம். நூறு குவளை இந்தப் பெண்களிடம் நேரடியாக, பெயரோடு வாங்கிக்கொள்வோம். அதே குவளையோடு ஊர் டீக்கடைக்குப் போவோம். 'இதுலயும் ஊத்து, உன் டம்ளர்லயும் ஊத்து, எல்லாரும் எல்லாத்துலயும் குடிப்போம்' என்போம். மறுத்தால் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து பெஞ்சில் வைப்போம். 1927 மார்ச்சில் மகத் குளத்தில் அண்ணல் அள்ளிய கை நீர்தான் நமக்கு வழி. அது தாகத்துக்கு அல்ல, சமத்துவத்துக்கு அள்ளிய நீர்.

கடைசியாக ஒன்று. கோபால்ட் ஆக்சைடு பார்க்கக் கன்னங்கரேல் என்று இருக்கும். வெள்ளைப் பூச்சின்மேல் அதைத் தொட்டு எழுதினால் கரிக்கோடு மாதிரிதான் தெரியும். நெருப்புக்குள் போய் வந்த பிறகு அது நீலமாகிவிடுகிறது, நம் கொடியின் நீலம். நந்தனை நெருப்பில் இறக்கி அவன் நிறத்தை மறைத்தார்கள். நாம் இறங்குகிற நெருப்பில் நம் நிறம் வெளியே வர வேண்டும்.

அடுத்த இதழ் பட்டறைப் பெண்களின் பேச்சைத் தொகுத்து வரும். காகித விலையும் அச்சுக் கூலியும் கழுத்தைப் பிடிப்பதால் இந்த இதழ் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தா பாக்கி வைத்திருக்கும் தோழர்கள் அனுப்பிவைத்தால் அடுத்தது சீக்கிரம் வரும்.